கடைக்குப் போகும் முன் ஹாலை அளந்து பாருங்கள்

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் புது டிவி வந்தது. 43 அங்குலம். தெர்மாகோலை உருவிப் போட்டுவிட்டு, மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஷோகேஸ் அருகே கொண்டுபோனோம். வீடு கட்டியபோதே டிவிக்கென்று தச்சர் விட்டுவைத்த இடம் அது. பழைய 21 அங்குலப் பெட்டி இருபது வருடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. புது டிவியின் இடப்பக்கம் நுழைந்தது, வலப்பக்கம் நுழையவில்லை. அளவுநாடாவை வைத்துப் பார்த்தால் மரத்துக்கு மரம் 3 அடி, அதாவது 91 செ.மீ. டிவியின் அகலமோ 96 செ.மீ. அன்று இரவு டிவி சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தது. மறுநாள் தச்சர் வந்து பக்கப் பலகையை அறுத்தெடுத்த பிறகுதான் அது இடத்துக்குப் போனது.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. "43 என்பது மூலைக்கு மூலை அளவு, அகலம் அதைவிடக் குறைவாகத்தான் வரும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். எவ்வளவு குறையும் என்பதை மட்டும் யாரும் கணக்குப் போடவில்லை. டிவி வாங்குவதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கடையில் சொல்வது எல்லாமே சரியாக இருக்கும், ஆனால் நம் வீட்டுக்கு அது பொருந்துமா என்ற கணக்கை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். முதன்முறையாகப் புது டிவி வாங்கப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் கணக்கு எளிது. இன்றைய டிவி திரைகளின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16-க்கு 9. எனவே சொல்லப்படும் அங்குல அளவை 0.87-ஆல் பெருக்கினால் திரையின் அகலமும், 0.49-ஆல் பெருக்கினால் உயரமும் அங்குலத்தில் கிடைத்துவிடும். அதை 2.54-ஆல் பெருக்கினால் செ.மீ. 32 அங்குல டிவியின் திரை ஏறக்குறைய 71 செ.மீ. அகலம் இருக்கும். 43 என்றால் 95, 55 என்றால் 122, 65 என்றால் 144 செ.மீ. சட்டத்துக்காக ஒன்றிரண்டு செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் 80 செ.மீ., 108 செ.மீ., 139 செ.மீ. என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதுதான் அகலம் என்று நினைத்துவிடக் கூடாது. அதுவும் அதே மூலைவிட்ட அளவுதான், அங்குலத்துக்குப் பதிலாகச் செ.மீ.யில் சொல்லியிருக்கிறார்கள். சுவரில் மாட்டாமல் மேசையில் வைப்பதாக இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். இப்போதைய டிவிகளில் கால்கள் நடுவில் இல்லை, இரண்டு ஓரங்களிலும் இருக்கின்றன. அந்த இரு கால்களுக்கு இடையே எத்தனை செ.மீ. என்று தெரியாமல் வாங்கினால், வீட்டு மேசையின் விளிம்பைத் தாண்டி ஒரு கால் தொங்கும்.

எத்தனை அடி தள்ளி உட்காருகிறோம்?

இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. விலை, பிராண்ட், 4கே எல்லாம் இதற்குப் பிறகுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியபோது வீடுகளுக்கு வந்தது 14 அங்குலப் பெட்டி. ஒரு முழம்கூட அகலம் இல்லாத அந்தத் திரையை எட்டு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். படம் மங்கலாக இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. இன்று அதே சானலை 55 அங்குலத் திரையில் போட்டால் முகங்கள் தண்ணீரில் நனைந்த ஓவியம்போலக் கரைந்து தெரிகின்றன. டிவி மோசமாகிவிட்டதா? இல்லை. சிறிய திரைக்குப் போதுமாக இருந்த படத்தைப் பெரிய திரையில் இழுத்து விரித்திருக்கிறோம்.

டிவியில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்பது அந்தப் புள்ளியைத்தான். சாதாரண சானல்களில், அதாவது எச்டி என்ற அடைமொழி இல்லாதவற்றில், மேலிருந்து கீழாக 576 வரிசைப் புள்ளிகள் வருகின்றன. ஃபுல் எச்டியில் 1080 வரிசை. 4கே என்பதில் 2160 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 3840 புள்ளிகள், ஆக மொத்தம் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். எண் கூடக் கூடப் படம் துல்லியமாகும் என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் அந்தத் துல்லியத்தைப் பார்ப்பதற்கு நம் கண் இருக்க வேண்டுமே!

நல்ல பார்வை உள்ள கண் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையை, அதாவது ஒரு டிகிரியை, அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குக் கலை என்று பெயர். அந்த ஒரு கலை அளவைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். சாதாரண சானலை 32 அங்குலத் திரையில் பார்த்தால் ஏறக்குறைய 8 அடிக்கு அப்பால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து படம் தெளிவாகிவிடும். 43 அங்குலத் திரையில் அதற்குப் பத்தரை அடி வேண்டும். 55 அங்குலத்தில் பதின்மூன்றரை அடி! நான் போய்வந்த சென்னை அடுக்கக வீடுகளில் சோபாவுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 8 அடி முதல் 10 அடிதான் இருக்கிறது. பெரிய டிவி வாங்கிய பிறகு "பழைய டிவியில்தான் படம் நன்றாக இருந்தது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர்கள் சொல்வது பழைய பொருள் மீதான பாசத்தால் அல்ல. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஃபுல் எச்டி படத்தை 55 அங்குலத் திரையில் பார்த்தால் 7 அடியிலேயே புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. அதாவது 8 அடி தள்ளி உட்காருகிறவருக்கு, 55 அங்குலத்தில் ஃபுல் எச்டி படத்துக்கும் 4கே படத்துக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையால் வரும் வேறுபாடு ஏறக்குறைய தெரியவே தெரியாது. அந்த வேறுபாட்டை முழுதாகக் காண வேண்டுமானால் மூன்றரை அடிக்கு நெருங்கி வர வேண்டும். எனவே 43 அங்குலம் வாங்குகிறவர்கள் 4கே இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 32 அங்குலத்தில் ஃபுல் எச்டிகூடத் தேவையில்லை, அதற்கு ஒரு படி கீழே உள்ள எச்டி ரெடி போதும், 6 அடிக்கு அப்பால் இரண்டும் ஒன்றுதான். 50, 55-க்கு மேல் போனால் கடையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் 4கேதான் என்பதால் அந்தக் கேள்வியே எழாது.

அப்படியானால் எது சரியான அளவு? திரையின் மூலைவிட்டத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகத் தூரம் இருந்தால் படம் கண்ணை நிறைக்கும், தலையைத் திருப்பவும் வேண்டியிருக்காது. 6 அடி என்றால் 43, 8 அடி என்றால் 50 அல்லது 55, 10 அடி என்றால் 65 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் கேபிளில் வரும் சாதாரண சானல்கள்தான் என்றால் இதிலிருந்து ஓர் அளவு குறைத்துக்கொள்ளுங்கள். நான் இதை அழுத்திச் சொல்கிறேன். 43-லிருந்து 55-க்குப் போனால் திரையின் பரப்பு 60 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. குறையுள்ள படத்தின் குறையும் அந்த அளவுக்குப் பெரிதாகித் தெரியும்.

எண்களில் நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, 55 அங்குலத்துக்கு 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம் என்று வெட்டி, டிவி வரப்போகும் சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரிதா, சிறிதா, கதவு திறந்தால் இடிக்குமா, சுவிட்ச் போர்டை மறைக்குமா, பூஜை அலமாரிக்கு மேல் ஏறுமா என்று எல்லாம் அந்தக் காகிதமே சொல்லிவிடும். பகல் வெளிச்சத்தில் எதிர் ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே கவனியுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டிய டிவியில் காலை முழுவதும் ஜன்னல் கம்பிகள்தான் தெரியும்.

மூன்று வண்ண வயர்

டிவி வாங்கிய பிறகு அதற்குள் என்ன படம் போகிறது என்பதில் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். எங்கள் அம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். டிவியை மாட்ட வந்தவர் சுவரில் துளை போட்டு, நேராக மாட்டி, பழைய செட்டாப் பாக்ஸை எடுத்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை உள்ள பழைய வயரையே சொருகிவிட்டுப் போய்விட்டார். படம் வந்தது, சத்தம் வந்தது, எல்லோருக்கும் திருப்தி. எட்டு மாதம் கழித்துப் பொங்கலுக்குப் போனபோதுதான் கவனித்தேன். அந்த மூன்று வண்ண வயரில் எச்டி படம் வரவே வராது. எவ்வளவு விலை கொடுத்த டிவியாக இருந்தாலும் அந்த வயர் 576 வரிசைக்கு மேல் கொண்டுவராது.

பாக்ஸின் பின்னால், எச்டி படத்தைக் கொண்டுசெல்லும் எச்டிஎம்ஐ துளை இருந்தது. தட்டையான முனை கொண்ட ஒரு வயரை வாங்கிவந்து இரண்டுக்கும் இணைத்தேன். பாக்ஸின் அமைப்புகளுக்குள் போய்ப் படத்தின் அளவை 1080 என்று மாற்றினேன். அம்மா பார்க்கும் சானலின் எச்டி வடிவத்தைச் சந்தாவில் சேர்க்கச் சொன்னேன். அன்று மாலை தொடர் ஆரம்பித்ததும் அம்மா எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். "இவள் இத்தனை நாளும் மூக்குத்தி போட்டிருந்தாளா?" என்று கேட்டார். ஒரு வருடமாகத் தினமும் பார்த்த முகம் அது.

எனவே புது டிவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு எடுத்துவையுங்கள். பாக்ஸ் பழையதாக இருந்து எச்டிஎம்ஐ துளையே இல்லையென்றால் எச்டி பாக்ஸாக மாற்றிக் கேளுங்கள். சன் டிவி, ஸ்டார் விஜய், ஜீ தமிழ் எல்லாவற்றுக்கும் எச்டி வடிவம் தனியாக இருக்கிறது. அவற்றுக்குச் சானல் எண்ணும் வேறு, கட்டணமும் வேறு. எல்லாச் சானலையும் எச்டியில் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் தினமும் பார்க்கும் மூன்று நான்கு போதும். இணையத்தில் வரும் படங்களை 4கேயில் பார்ப்பதென்றால் வீட்டு இணைய வேகம் 15 முதல் 25 எம்பிபிஎஸ் தடையின்றி வர வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளில் விலை அதிகமான திட்டத்தில்தான் 4கே கிடைக்கும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 7 ஜிபி டேட்டா போய்விடும் என்பதால் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்க்கும் வீடுகளுக்கு அது கட்டுப்படியாகாது.

எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி

கடையில் அதிகம் குழப்புவது இந்த எழுத்துகள்தான். புரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: ஒளி எங்கிருந்து வருகிறது?

எல்இடி டிவி என்று விற்பதன் திரை உண்மையில் எல்சிடி திரைதான். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சின்னஞ்சிறு ஜன்னல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் எல்இடி விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கின்றன. ஜன்னல் திறந்தால் வெளிச்சம், மூடினால் இருட்டு. ஆனால் எந்த ஜன்னலும் இடுக்கில்லாமல் முழுதாக மூடாது. இரவுக் காட்சியில் கறுப்பாக இருக்க வேண்டிய வானம் சாம்பல் நிறத்தில் தெரிவது அதனால்தான். கியூஎல்இடி என்பதிலும் இதே ஜன்னல்கள்தான். விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்துகள்கள் கொண்ட ஒரு படலம் இருக்கும். விளக்கின் நீல ஒளியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருவது அதன் வேலை. மயிலின் கழுத்தும் பட்டுப் புடவையின் அரக்குச் சிவப்பும் அதில் கூடுதல் உயிரோடு தெரியும். இந்தக் குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் 2023-ல் மௌங்கி பாவெண்டி, லூயி புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மினி எல்இடி என்றால் பின்னால் உள்ள விளக்குகளை மிகச் சிறியதாக்கி, ஏராளமாக அடுக்கி, பகுதி பகுதியாக அணைக்கவும் ஏற்றவும் செய்திருக்கிறார்கள் என்று பொருள். வானம் இருக்கும் பகுதியில் விளக்கை அணைத்துவிடலாம் என்பதால் கறுப்பு கறுப்பாகத் தெரியும்.

ஓஎல்இடி மட்டும் வேறு இனம். அதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, வேண்டாதபோது தானே அணைந்துவிடுகிறது. விளக்கை அணைத்துவிட்டு இரவில் சினிமா பார்க்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் எங்கள் வீடுகளைப் போன்ற வீடுகளுக்கு இதை வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்கச் சொல்வேன். காலை ஆறு மணிக்குச் செய்திச் சானலைப் போட்டால் இரவு படுக்கும்வரை அதுவே ஓடும் வீடுகள் நிறைய. மூலையில் சானலின் சின்னம், அடியில் ஓடும் செய்திப் பட்டை, எல்லாம் நாள் முழுவதும் ஒரே இடத்தில், ஒரே நிறத்தில். ஓஎல்இடி திரையில் அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேய்ந்து, சானலை மாற்றிய பிறகும் அந்தப் பட்டையின் நிழல் நிரந்தரமாகத் தெரியலாம்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது, பிரகாசம் அதிகமுள்ள நல்ல எல்இடி, இன்னும் கொஞ்சம் கையில் இருந்தால் கியூஎல்இடி. பிரகாசத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். விலை குறைந்த டிவிகளில் அது 250, 300 நிட் அளவில்தான் இருக்கும். மாலை வெயில் உள்ளே வரும் ஹாலுக்கு அது போதாது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வசதி உண்டு என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும், இவ்வளவு குறைந்த பிரகாசத்தில் எச்டிஆருக்கென்று தனிப் பலன் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அந்த எழுத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

எல்சிடி திரைகளிலேயே இரண்டு வகை உண்டு. ஐபிஎஸ் என்ற வகையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. விஏ என்ற வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தால் படம் வெளிறும். நம் வீடுகளில் எல்லோரும் சோபாவில் நேராக உட்கார்ந்தா பார்க்கிறோம்? ஒருவர் ஊஞ்சலில், ஒருவர் தரையில் சுவரோடு சாய்ந்து, ஒருவர் சமையலறை வாசலில் நின்றபடி. கடையில் டிவிக்கு நேர் முன்னால் மட்டும் நிற்காமல், சமையலறை வாசலுக்கு எவ்வளவு சாய்வோ அவ்வளவு தள்ளிப்போய் நின்று பாருங்கள். தரையில் உட்காருகிறவர் இருந்தால் குனிந்தும் பாருங்கள்.

கடையில்

கடைச் சுவரில் நாற்பது டிவிகள் ஒரே படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். பூவின் மேல் பனித்துளி, ஆழ்கடல் மீன், வெளிநாட்டு நகரத்தின் இரவு. அவையெல்லாம் டிவி நன்றாகத் தெரிவதற்கென்றே எடுத்த 4கே படங்கள். டிவியும் கடைக்கான முறையில், நிறமும் வெளிச்சமும் உச்சத்தில் வைத்து ஓடிக்கொண்டிருக்கும். நாற்பதில் எது கண்ணைப் பறிக்கிறதோ அதை நோக்கித்தான் கால் போகும். வீட்டில் அதே வெளிச்சத்தில் அரை மணி நேரம் பார்த்தால் கண் வலிக்கும்.

விற்பனையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இதை வீட்டு முறைக்கு மாற்றிக் காட்டுங்கள், ஒரு சாதாரணத் தமிழ்ச் சானல் போடுங்கள்." பல கடைகளில் கேபிள் இணைப்பு இருக்கிறது. இல்லையென்றால் ஒரு பென் டிரைவில் வீட்டில் வழக்கமாகப் பார்ப்பதையே கொண்டுபோங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டு ஒன்று, இருட்டுக் காட்சி உள்ள புதுப் படத்தின் துண்டு ஒன்று, வீட்டுக் கல்யாண வீடியோ ஒன்று. மனிதத் தோலின் நிறத்தைப் பாருங்கள். நமக்கு நன்றாகத் தெரிந்தவர்களின் முகம் என்றால் நிறம் மாறினால் உடனே தெரிந்துவிடும், அதனால்தான் கல்யாண வீடியோ. கறுப்பு வெள்ளைப் பாட்டில் நீலமோ பச்சையோ கலந்து தெரிந்தால் அந்த டிவி வேண்டாம்.

அப்படியே ஒலியையும் கேளுங்கள். திரை மெலிந்துகொண்டே போனதில் ஒலிபெருக்கிக்கு இடமில்லாமல் போய்விட்டது. பெரும்பாலான டிவிகளில் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோதான் இருக்கிறது. 20 வாட், 30 வாட் என்ற எண்ணைவிட வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்பது முக்கியம். காது மங்கிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பின்னால் ஒரு சவுண்ட்பார் வாங்க நேரலாம். எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் அருகே ஏஆர்சி என்று எழுதியிருந்தால் அதில் சவுண்ட்பாரை ஒற்றை வயரில் இணைத்துவிடலாம். மொத்தம் மூன்று எச்டிஎம்ஐ துளைகளாவது இருக்கட்டும்.

டிவிக்குள் இருக்கும் மென்பொருள் கூகுள் டிவியா, வெப்ஓஎஸ்ஸா, டைசனா என்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. பேனல், அதாவது திரைப் பகுதி, பத்து வருடம் உழைக்கும், மென்பொருள் நாலைந்து வருடத்தில் மெதுவாகிவிடும். அப்போது எச்டிஎம்ஐ துளையில் சொருகும் சிறு ஸ்டிக் ஒன்றை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. மென்பொருள் ஓடுவதற்கான நினைவகமான ராம் 2 ஜிபி இருந்தால் இப்போதைக்குப் போதும். 120 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது என்பதும் அப்படித்தான். கேம் கன்சோலில் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் 60 போதும்.

விலை பேசும்போது மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை எழுதிக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு டிவிகளின் எண்ணில் கடைசி இரண்டு எழுத்து மாறியிருந்தால், உள்ளே இருக்கும் பேனலும் ராமும் வேறாக இருக்கலாம். இணையத்தில் ஒப்பிடுவதென்றால் அந்த முழு எண்ணை வைத்து ஒப்பிட்டால்தான் பொருள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன்பு அச்சிட்ட விலையைக் காட்டி அதிலிருந்து தள்ளுபடி என்று யாராவது சொன்னால், வரி குறைந்ததையே தள்ளுபடியாகச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

மாதத் தவணையில் வாங்குகிறவர்கள் "வட்டியில்லாத் தவணை" என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வட்டிக்கு ஈடான தொகையை விலையில் கழித்துக் காட்டுவார்கள், அல்லது செயலாக்கக் கட்டணமாக வாங்குவார்கள். முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் வட்டி.

வாரண்டியில் பேனலுக்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேளுங்கள். டிவியில் விலை அதிகமான உறுப்பு அதுதான், அது போனால் மாற்றும் செலவு புது டிவியின் விலையை நெருங்கிவிடும். திரை உடைந்தால் நிறுவனம் தரும் வழக்கமான வாரண்டியில் வராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கொண்டுவருகிறவர் இருக்கும்போதே பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, திரை ஒளிர்வதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். திரையின் விரிசல் பல நேரம் வெளியே தெரியாது, உள்ளே ஒளி வந்தால்தான் சிலந்தி வலைபோலத் தெரியும். பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. கடையும் நிறுவனமும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

மாட்டும் உயரத்தில் நம்மவர்கள் பலர் தவறு செய்கிறார்கள். காலண்டர் மாட்டும் உயரத்தில் டிவியை மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் உயரத்தில் திரையின் நடுப்பகுதி வர வேண்டும். சோபா என்றால் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி. எல்லோரும் பாயில் உட்காரும் வீடு என்றால் இன்னும் கீழே. மாட்ட வருகிறவர் அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள். செய்தித்தாளை ஒட்டிப் பார்த்த இடம் சுவரில் இருக்கிறதே, அதைக் காட்டுங்கள்.

மின்சாரச் செலவு பெரிதல்ல. 100 வாட் டிவி தினமும் 5 மணி நேரம் ஓடினால் அரை யூனிட், இரண்டு மாதக் கணக்குக்கு 30 யூனிட். நட்சத்திர முத்திரையில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். பின்புற ஒட்டுத்தாளில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் வோல்டேஜ் குறைவதற்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. பயப்பட வேண்டியது மின்னலுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி கேட்டவுடன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் வயரையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கியும் டிவி போய்விட்டது என்று வருந்துகிறவர்களின் வீட்டில் மின்னல் பெரும்பாலும் அந்த டிஷ் வயர் வழியாகத்தான் வந்திருக்கும்.

முதல் நாளே அமைப்புகளுக்குள் போய்ப் படமுறையைச் சினிமா அல்லது ஸ்டாண்டர்ட் என்று மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. நொடிக்கு 24 படங்களாக எடுத்த சினிமாவுக்கு நடுவே இல்லாத படங்களைத் தானே உண்டாக்கிச் செருகும் வசதி அது. அதனால்தான் பெரிய படம்கூட மெகா தொடர்போலத் தெரிகிறது. அதை அணைத்துவிடுங்கள்.

அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரருக்கு உடனே போட்டுவிட வேண்டாம். மாற்றித் தரும் கெடு முடியும்வரை பரணில் இருக்கட்டும். பில்லை அன்றைக்கே கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள். வழவழப்பான வெப்பத்தாளில் அச்சிட்ட பில் ஒரு கோடையைத் தாங்காது. இரண்டாம் வருடம் வாரண்டி கேட்டு நிற்கும்போது கையில் வெறும் வெள்ளைத்தாள்தான் இருக்கும்.